கப்பலேறி வந்த காய்ச்சல்: பெருந்தொற்றுச் சளிக்காய்ச்சலை அறிதலும் தடுத்தலும் தீர்த்தலும்

செபராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் திபால் நகரை அடுத்துள்ளது பைராம் தோட்டம். இவ்வட்டாரத் தோட்டங்கள் முதலில் கரும்பையும், பின்னர் இரப்பரையும், அதன்பின் செம்பனையையும் விளைவித்தன. பயிர் மாறியதே அன்றி, அதனை விளைவித்த கைகள் பெரும்பாலும் தமிழர் கைகளாகவே இருந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பினாங்குத் துறையில் இறங்கி, இத்தோட்டங்களின் லயங்களில் குடியமர்ந்தனர். அவர்கள் வரலாற்றை நாம் கூறும்போது கங்காணியைக் கூறுகிறோம்; கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் கூறுகிறோம். அவர்களோடு அதே கடல்வழியில் பயணம் செய்த ஒரு காய்ச்சலைக் கூற மறந்துவிடுகிறோம்.

அக்காய்ச்சலே இன்புளுவென்சா; தமிழில் சளிக்காய்ச்சல் எனப்படுவது. 1918, 1957, 2009 ஆகிய ஆண்டுகளில் அது உலகப் பெருந்தொற்றாக எழுந்தது. அம்மூன்று முறையும் அது மலாயா மண்ணைத் தொட்டது, தமிழகத்தையும் தொட்டது. இந்நோயை அறிதல், தடுத்தல், தீர்த்தல் என்னும் மூன்றனையும் நாம் ஈண்டு ஆராய்வோம். எனினும் மருத்துவ நூல் கூறும் குறிப்புகளை மட்டும் அடுக்கிச் செல்வது நம் நோக்கமன்று. ஒரே கிருமி ஓரிடத்தில் சிலரையும் வேறோரிடத்தில் பல்லாயிரவரையும் கொல்வதன் காரணம் என்ன என்னும் வினாவை முன்வைத்தே இம்மூன்றனையும் காண்போம். அவ்வினாவிற்கான விடை பெரும்பாலும் கிருமியிடம் இல்லை, நம்மிடமே உள்ளது.

பெயரால் வரும் மயக்கம்

இன்புளுவென்சா என்பது 'தாக்கம்' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல். விண்மீன்களின் தாக்கத்தால் இந்நோய் வருகிறது என ஐரோப்பியர் நம்பிய காலத்தில் எழுந்த பெயர் அது. தமிழில் நாம் வழங்கும் 'சளிக்காய்ச்சல்' என்னும் பெயரும் குறையற்றதன்று. அது சளியை முன்னிறுத்துவதால், மூக்கொழுகும் எளிய தடுமனையும் இந்நோயையும் மக்கள் ஒன்றெனக் கொள்கின்றனர். உண்மையில் இந்நோயின் முதல் அடையாளம் சளியன்று. திடீரெனத் தாக்கும் காய்ச்சலும் உடல் நோவுமே ஆகும்.

1918-ஆம் ஆண்டுக் காய்ச்சலை 'ஸ்பானியக் காய்ச்சல்' என்றனர். அது ஸ்பெயினில் தோன்றியதென்பதற்குச் சான்றில்லை. முதல் உலகப் போரில் ஈடுபட்ட நாடுகள் நோய்ச் செய்திகளைத் தணிக்கை செய்தன. நடுநிலை வகித்த ஸ்பெயின் நாட்டுச் செய்தித்தாள்கள் மறைக்காமல் எழுதின. உண்மையை வெளியிட்ட நாட்டின் மீதே நோயின் பெயர் ஒட்டிக்கொண்டது. 2009-இல் 'பன்றிக்காய்ச்சல்' என்னும் பெயர் பரவியபோது, எகிப்து அரசு தன் நாட்டுப் பன்றிகளை எல்லாம் கொல்ல ஆணையிட்டது. அப்போது நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவிக்கொண்டிருந்தமையால் அச்செயல் எப்பயனும் தரவில்லை. பெயர் தவறினால் அறிவு தவறும். அறிவு தவறினால் செயலும் தவறும். மொழியைப் பேணும் அவையினர் நோயைப் பற்றிப் பேசுவதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டா.

பெருந்தொற்று எவ்வாறு பிறக்கிறது?

சளிக்காய்ச்சலை உண்டாக்குவது ஒரு நச்சுயிரி. அதில் ஏ, பி, சி, டி என நான்கு வகைகள் உண்டு. இதுவரை பெருந்தொற்றுகளை உண்டாக்கியது ஏ வகை மட்டுமே. அதன் மேற்பரப்பில் இருவகைப் புரதங்கள் முட்களைப் போல் நிற்கின்றன. ஒன்று நம் உயிரணுவைப் பற்றிக்கொள்ள உதவுவது. மற்றொன்று புதிதாய்ப் பிறந்த நச்சுயிரிகள் அவ்வணுவிலிருந்து விடுபட்டு வெளியேற உதவுவது. முன்னதை எச் என்றும் பின்னதை என் என்றும் குறித்து, எண்ணிட்டு வழங்குவர். எச்1என்1, எச்3என்2 என்னும் பெயர்கள் இவ்வாறு அமைந்தவையே.

இந்நச்சுயிரி ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கும். ஆதலால் சென்ற ஆண்டு நோயுற்றவர் இவ்வாண்டும் நோயுறலாம். எனினும் பழைய நோயின் நினைவு நம் உடலில் ஓரளவு எஞ்சியிருப்பதால், பெரும்பாலோர் தப்பிவிடுவர். எப்போதாவது ஒருமுறை பெருமாற்றம் ஒன்று நிகழ்கிறது. இதன் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக உள்ளது. ஒரு பன்றியின் உடலிலோ வேறோர் உயிரினத்திலோ இருவேறு நச்சுயிரிகள் ஒரே அணுவிற்குள் புகுந்தால், இரண்டு சீட்டுக்கட்டுகளைக் கலைத்து அடுக்கியது போல அத்துண்டுகள் இடம்மாறிப் புதிய நச்சுயிரி ஒன்று பிறக்கக்கூடும்.

அவ்வாறு பிறந்தது புதியதாக இருத்தல், மனிதரை நோயுறச் செய்தல், மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் பரவுதல் ஆகிய மூன்றும் கூடினால் அது பெருந்தொற்றாகும். 1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் 18 பேரைத் தாக்கியது. அவர்களுள் 6 பேர் இறந்தனர். 2004-இல் அது கிளந்தான் மாநிலக் கோழிகளிடையே காணப்பட்டது. முதலிரண்டு இயல்புகள் அதற்கு உண்டு. மூன்றாவது இயல்பு இன்னும் வாய்க்கவில்லை. அம்மூன்றாவது இயல்பு வாய்த்துவிடுமோ என்பதனாலேயே உலகம் அதனை விடாது கண்காணித்து வருகிறது.

1918: லயங்களில் நேர்ந்தது

1918-ஆம் ஆண்டின் நடுவில் மலாயாவிற்கு வந்த முதல் அலை மென்மையாகக் கடந்து சென்றது. அக்டோபர் மாதம் வந்த இரண்டாம் அலையோ கொடியது. உலகம் முழுவதும் 2 கோடி முதல் 5 கோடிப் பேர் வரை அப்பெருந்தொற்றில் மாண்டனர் என மதிப்பிடுவர். மலாயாவில் இறந்தோர் 30,000-க்கும் மேற்பட்டோர் என்பது ஆய்வாளர் கணிப்பு. அதன் கடுமையை மிகுதியும் ஏற்றவர்கள் தோட்டங்களில் உழைத்த இந்தியத் தொழிலாளர்கள்; அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்.

தாய்நாட்டிலும் நிலைமை இதனினும் கொடிதாகவே இருந்தது. அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. பஞ்சமும் காய்ச்சலும் ஒருசேர வந்தன. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இறந்தனர். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றில் 1911 முதல் 1921 வரையான பத்தாண்டில் மட்டுமே மக்கள்தொகை குறைந்தது. இக்காய்ச்சலே அதற்குத் தலையாய காரணம்.

பினாங்கில் இறங்கும் தொழிலாளர்களை ஜெரஜாக் தீவில் தங்கவைத்து நோய் சோதிக்கும் ஏற்பாடு அக்காலத்தில் இருந்தது. அம்மை, வாந்திபேதி போன்ற, கண்ணுக்குப் புலப்படும் நோய்களைத் தடுக்க அஃது ஓரளவு உதவியது. சளிக்காய்ச்சலின் இயல்பு வேறு. கிருமி உட்புகுந்த 1 முதல் 4 நாட்களுக்குள் நோய் வெளிப்படும். வெளிப்படுவதற்கு ஒருநாள் முன்னரே அது பிறருக்குப் பரவத் தொடங்கிவிடும். நோயாளி தாம் நோயாளி என அறியும் முன்னரே அவருடைய மூச்சு நோயைச் சுமந்து செல்கிறது.

தோட்ட மக்கள் ஏன் மிகுதியாக இறந்தனர்? தமிழர் உடலில் குறையொன்றும் இல்லை. வாழ்நிலையில்தான் குறை இருந்தது. ஒரே அறையில் ஒரு குடும்பமோ பல ஆட்களோ தங்கும் லயம். அறைக்கும் அறைக்கும் இடையே மெல்லிய தடுப்பு. மலேரியாவாலும் கொக்கிப்புழுவாலும் முன்னரே இரத்தம் வற்றிய உடல். போர்க்காலத்தில் ஏறிய அரிசி விலை. காய்ச்சல் வந்தபோது அது லயம் முழுவதையும் ஒரே வாரத்தில் படுக்க வைத்தது. 20 முதல் 40 அகவைக்கு உட்பட்ட, வலிமை மிக்கவர்களையே அது பெரிதும் வீழ்த்தியது. சமைப்பவரும், தண்ணீர் சுமப்பவரும், பிள்ளையைத் தூக்குபவரும் ஒரே நாளில் பாயில் விழுந்தால், அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தருபவர் யார்?

அக்காலத்து மருத்துவரிடம் இந்நோய்க்கு மருந்தில்லை. இதன் காரணம் ஒரு நச்சுயிரி என்பதே 1933-இல்தான் உறுதியாயிற்று. இறந்தோருள் பெரும்பாலோர் காய்ச்சலைத் தொடர்ந்து நுரையீரலில் புகுந்த பாக்டீரியாவால் மாண்டனர். அதனை அழிக்கும் பென்சிலின் 1928-இல் கண்டறியப்பட்டு, 1940-களில்தான் வழக்கிற்கு வந்தது. மருந்தில்லாத அந்நாளில் உயிரைக் காக்க வல்லவை தண்ணீரும் கஞ்சியும் ஓய்வும் பக்கத்தில் ஒரு துணையுமே. அத்துணை எங்கு இல்லையோ அங்குச் சாவு மிகுந்தது.

1957: ரஜுலா கொண்டு சென்றது

மலாயா விடுதலை பெற்றது 1957 ஆகஸ்டு 31-இல். அதற்குச் சில மாதங்களுக்கு முன், எச்2என்2 என்னும் புதிய நச்சுயிரி சீனாவில் தோன்றி, ஹாங்காங், சிங்கப்பூர் வழியாக மலாயாவில் பரவியது. இதனை 'ஆசியக் காய்ச்சல்' என்றனர்.

அந்நாளில் சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'ரஜுலா' கப்பலை நம் மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். 1957 மே நடுவில், மலாயாவிலிருந்து சென்ற அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடைந்தபோது, அதில் இருந்தவர்களுள் 200-க்கும் மேற்பட்டோர் காய்ச்சலுற்றிருந்தனர். இந்தியாவிற்குள் அப்பெருந்தொற்று நுழைந்த வழி அதுவே. ஏறத்தாழ மூன்று மாதங்களில் அது நாடு முழுவதும் பரவியது. குன்னூர் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் இயங்கிய இன்புளுவென்சா மையம் அதனை ஆராய்ந்து பதிவு செய்தது. 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் 44 லட்சத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும், ஏறத்தாழ 1,100 பேர் இறந்ததாகவும் அப்பதிவு கூறுகிறது.

இந்நிகழ்ச்சி நமக்கு இருவகையில் பாடமாகிறது. நோய் எப்போதும் வெளியிலிருந்து வந்து நம்மைத் தாக்குவதாகவே நாம் எண்ணுகிறோம். இம்முறையோ, உறவினரைக் காண ஊர் திரும்பிய நம்மவரே அறியாது அதனைச் சுமந்து சென்றனர். அவர்களைப் பழித்தல் தகாது. பயணம் செய்வோர் அனைவர்க்கும் நேரக்கூடியதே அது. நோய்க்குத் தாய்நாடும் இல்லை, இனமும் இல்லை; வழி மட்டுமே உண்டு.

மற்றொரு பாடம் எண்ணிக்கையில் உள்ளது. 1918-இல் ஒரு கோடிக்கு மேல் இழந்த நாடு, 1957-இல் ஏறத்தாழ 1,100 பேரின் சாவையே பதிவு செய்தது. பதிவாகாத சாவுகள் பலவாக இருந்திருக்கும்; 1957-ஆம் ஆண்டு நச்சுயிரியும் முன்னதைவிட மென்மையானது. எனினும் இடைப்பட்ட 39 ஆண்டுகளில் கிருமி அடையாளம் காணப்பட்டிருந்தது; நுரையீரல் அழற்சிக்கு மருந்து வந்திருந்தது; 1952 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் நாடுகளின் ஆய்வுக்கூடங்களை இணைத்து இந்நோயைக் கண்காணித்து வந்தது. அறிவு வளர்ந்த அளவிற்குச் சாவு குறைந்தது எனக் கொள்ள இடமுண்டு.

2009: வானூர்தியின் காலம்

2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் புதிய எச்1என்1 நச்சுயிரி கண்டறியப்பட்டது. மே 15-இல் மலேசியா தன் முதல் நோயாளியை உறுதி செய்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒரு மாணவர் அவர். சூன் 11-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பெருந்தொற்று அறிவிப்பை வெளியிட்டது. சூலையில் நம் நாட்டில் முதல் உயிரிழப்பு நேர்ந்தது. கப்பல் நாட்களில் வாரக்கணக்கில் வந்த நோய், வானூர்தியில் ஒரே நாளில் வந்து சேர்ந்தது. முதலாண்டில் உலகெங்கும் ஒன்றரை லட்சம் முதல் ஐந்தே முக்கால் லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் எனப் பின்னர் மதிப்பிட்டனர். முதியோரைவிட இளையோரும் கருவுற்ற பெண்களும் அதிகம் பாதிக்கப்பட்டது இதன் தனி இயல்பு.

அந்நச்சுயிரியின் வழிவந்தவை இன்றும் பருவக் காய்ச்சலாக நம்மிடையே உலவுகின்றன. 2025 அக்டோபரில் நாடு முழுவதும் ஏறத்தாழ 6,000 மாணவர்கள் சளிக்காய்ச்சலுற்றதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது; சில பள்ளிகள் மூடப்பட்டன. அது பெருந்தொற்றன்று. எனினும் பெருந்தொற்று வருங்கால் அது முதலில் தட்டும் கதவுகளுள் பள்ளிக்கூடத்தின் கதவும் ஒன்று என்பதனை அந்நிகழ்வு நமக்கு நினைவூட்டியது.

அறிதல்

சளிக்காய்ச்சல் திடீரெனத் தாக்கும். காலையில் நலமாகப் பள்ளி சென்ற மாணவர் மாலையில் எழமுடியாமல் கிடப்பார். கடுங்காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, கைகால் நோவு, வறட்டு இருமல், தொண்டை வலி, மிகுந்த சோர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். சிறுவர்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருத்தல் கூடும். முதியோர்க்குச் சிலவேளை காய்ச்சலே இல்லாமல், தளர்ச்சியும் மனக்குழப்பமும் மட்டும் தோன்றலாம்.

எளிய தடுமன் மெல்ல வரும், மூக்கொழுகும், தும்மல் மிகும், படுக்கையில் வீழ்த்தாது. நம் நாட்டில் இதனோடு மயங்கக்கூடிய மற்றொரு நோய் டிங்கி. டிங்கியிலும் கடுங்காய்ச்சலும் உடல் நோவும் உண்டு. ஆயினும் இருமலும் தொண்டை வலியும் அதில் முதன்மையாக இரா. கண்ணின் பின்புற வலி, தோலில் செந்தடிப்பு, ஈறில் இரத்தக் கசிவு ஆகியவை டிங்கியை ஐயுறச் செய்யும். இரண்டனையும் வீட்டில் இருந்தவாறே உறுதியாகப் பிரித்தறிய இயலாது. மருத்துவர் மூக்கிலிருந்தோ தொண்டையிலிருந்தோ மாதிரி எடுத்தும், தேவையாயின் இரத்தத்தைச் சோதித்தும் முடிவு செய்வார். மருந்தகங்களில் கிடைக்கும் சோதனைக் கருவி நோயில்லை எனக் காட்டினாலும், அடையாளங்கள் கடுமையாயின் அதனை நம்பி வாளாவிருத்தல் கூடாது.

பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவர். கீழ்க்காணும் அடையாளங்களுள் ஒன்று தோன்றினாலும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்:

1. மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்தல்.
2. மனக்குழப்பம், எழுப்ப இயலாத மயக்கம், வலிப்பு.
3. சிறுநீர் மிகக் குறைதல், நீரும் அருந்த இயலாமை.
4. குழந்தை வேகமாக மூச்சுவிடுதல், மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்புறம் உட்குழிதல், பால் குடிக்க மறுத்தல்.
5. காய்ச்சல் தணிந்து நலம் பெற்றவர்க்கு, மீண்டும் காய்ச்சலும் முன்னினும் கடுமையான இருமலும் வருதல்.

இறுதியாகக் கூறியதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 1918-இல் பெருந்தொகையினரைக் கொன்ற நுரையீரல் அழற்சியின் அடையாளம் அதுவே. கருவுற்றோர், 5 அகவைக்கு உட்பட்டோர், முதியோர், ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய் உடையோர் ஆகியோர் இவ்வடையாளங்கள் தோன்றும் வரை காத்திராமல், காய்ச்சல் கண்ட முதல் நாளிலேயே மருத்துவரைக் காணுதல் நன்று.

ஆசிரியர்களிடம் நோயறியும் கருவி ஒன்று உண்டு. அது வகுப்பு வருகைப் பதிவேடு. ஒரே வாரத்தில் ஒரே வகுப்பில் மாணவர் பலர் காய்ச்சலால் வாராதிருந்தால், எந்த ஆய்வுக்கூடத்திற்கும் முன்னதாக அப்பதிவேடு நோயின் வரவைச் சொல்லிவிடும். வாராமைக்குரிய காரணத்தைக் கேட்டெழுதித் தலைமையாசிரியர் வழியாக மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்குத் தெரிவித்தல் சிறு செயலாகத் தோன்றலாம். அதனால் காக்கப்படும் நாட்களோ பல.

தடுத்தல்

மூச்சினால் பரவும் நோயைத் துணியினால் தடுக்கலாம் என்பதனை உலகம் ஏற்கச் செய்தவர்களுள் தலையாயவர் பினாங்கில் பிறந்தவர். மருத்துவர் வூ லியென் தே 1879-இல் இத்தீவில் பிறந்து, பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்று, கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றவர். 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் கொள்ளைநோய் பரவியபோது, சீன அரசு அவரை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. நோய் எலியாலும் தெள்ளுப்பூச்சியாலும் மட்டுமே பரவும் எனப் பலர் கருதிய காலத்தில், அது மூச்சினால் பரவுகிறது என அவர் கண்டறிந்தார். பஞ்சை உள்வைத்து மெல்லிய துணியால் மடித்த முகக்கவரியை அனைவரும் அணியச் செய்தார். அதனை ஏற்க மறுத்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாட்களில் அந்நோயாலேயே இறந்தார். நோயாளிகளைப் பிரித்துவைத்தும், பயணங்களைக் கட்டுப்படுத்தியும், சில மாதங்களில் அக்கொள்ளைநோய் ஒடுக்கப்பட்டது. அந்நோயின் கிருமி வேறு, சளிக்காய்ச்சலின் கிருமி வேறு. எனினும் மூச்சின் வழியை அடைக்கும் முறை இரண்டிற்கும் பொருந்தும்.

பயணத்தைக் கட்டுப்படுத்துவதன் ஆற்றலைப் பசிபிக் பெருங்கடலில் அருகருகே உள்ள இரு சமோவாக்கள் காட்டின. 1918 நவம்பரில் நியூசிலாந்திலிருந்து வந்த கப்பலொன்று மேற்குச் சமோவாவில் தடையின்றி நோயாளிகளை இறக்கியது. அங்கு ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மாண்டனர். அருகிலிருந்த அமெரிக்கச் சமோவா கப்பல்களைத் தடுத்து நிறுத்தியது. அங்குச் சாவே நேரவில்லை. இன்றைய உலகில் எல்லைகளை அவ்வாறு அடைப்பது அரிது. ஆதலால் ஒவ்வொரு வீடும் வகுப்பறையும் தத்தம் அளவில் காவலாதல் வேண்டும்.

முதற்காவல் தடுப்பூசி. நச்சுயிரி ஆண்டுதோறும் மாறுவதால் தடுப்பூசியும் புதுப்பிக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அதனை இட்டுக்கொள்ளல் வேண்டும். ஆறு திங்கள் நிறைந்த குழந்தை முதல் அனைவரும் இட்டுக்கொள்ளலாம். அது நோயை முற்றும் தடுக்காவிடினும், நோய் கடுமையாவதையும் சாவையும் குறைக்கும். புதிய பெருந்தொற்று எழுந்தால் அதற்குரிய தடுப்பூசி உருவாகி வர ஏறத்தாழ ஆறு மாதமாகும். அவ்வாறு மாத இடைவெளியில் நம்மைக் காப்பவை பழக்கங்களே.

இருமும்போதும் தும்மும்போதும் முழங்கை மடிப்பால் வாயை மூடுதல். சவர்க்காரமிட்டு 20 நொடிகள் கைகழுவுதல். கழுவாத கையால் கண்ணையும் மூக்கையும் தொடாதிருத்தல். நெரிசலில் முகக்கவரி அணிதல். சன்னல்களைத் திறந்து காற்றை உலவவிடுதல். இவை யாவும் 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது நாம் கற்றவையே. அன்று கற்றதை இன்று பெரிதும் கைவிட்டுவிட்டோம். லயங்கள் மறைந்து அடுக்ககங்கள் வந்தன. எனினும் மின்தூக்கியும் பள்ளிப் பேருந்தும் திருவிழாக் கூட்டமும் இருக்கும் வரை நெரிசல் மறையவில்லை.

எல்லாவற்றினும் எளியதும், கடைப்பிடிக்க அரியதும் ஒன்றுண்டு. நோயுற்ற பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதிருத்தலே அது. மருந்தின் உதவியின்றிக் காய்ச்சல் தணிந்து 24 மணி நேரம் கடந்த பின்னரே பிள்ளை வகுப்பிற்குத் திரும்புதல் வேண்டும். நாட்கூலியை நம்பி வாழும் தாயால் வீட்டில் தங்க இயலாது என்பதனையும் நாம் அறிவோம். 'ஏன் அனுப்பினீர்கள்?' எனக் கடிவதற்கு முன், 'யார் பார்த்துக்கொள்வார்?' எனக் கேட்பதே ஆசிரியர்க்கு அழகு. முழு வருகைக்குப் பரிசளிக்கும் பள்ளிகள், காய்ச்சலோடு வந்த வருகையையும் சேர்த்துப் போற்றுகின்றனவோ என எண்ணிப் பார்த்தலும் நன்று.

தீர்த்தல்

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணும் உழைச்செல்வான் என்பன அவை. சளிக்காய்ச்சலின் சிகிச்சையை இந்நான்கு கூறுகளைக் கொண்டே விளக்கலாம்.

நோயாளி செய்ய வேண்டியது ஓய்வெடுத்தலும், நீர் மிகுதியாக அருந்துதலும், பிறரிடமிருந்து சற்று விலகியிருத்தலும் ஆகும். மருத்துவர் செய்ய வேண்டியது, யாருக்கு எது தேவை என முடிவு செய்தல். ஆதலால் அவரிடம் நோய் தொடங்கிய நாளையும், உடன் உள்ள பிற நோய்களையும், கருவுற்றிருப்பின் அதனையும் தெளிவாகக் கூறல் வேண்டும்.

மருந்தில் மூன்று செய்திகளை மனத்தில் இருத்துவோம். காய்ச்சலையும் நோவையும் தணிக்கப் பாராசிட்டமால் போதும். சிறுவர்க்கும் இளையோர்க்கும் ஆஸ்பிரின் தரலாகாது, அது மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோயொன்றுக்கு வழிவகுக்கும். டிங்கி ஐயம் நீங்கும் வரை பெரியவரும் அதனைத் தவிர்த்தல் வேண்டும். அடுத்து, நச்சுயிரியையே தாக்கும் ஓசல்டாமிவிர் என்னும் மருந்து உண்டு. நோய் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் எடுத்தால் அதன் பயன் மிகுதி. ஆபத்துக்குரியவர்க்கு அதன் பின்னரும் மருத்துவர் தருவதுண்டு. அம்மருந்தின் மூலப்பொருள் நம் சமையலில் மணம் கூட்டும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது. ஆயினும் பல வேதியியல் மாற்றங்களுக்குப் பின்னரே அது மருந்தாகிறது. அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் அப்பயன் கிட்டாது. மூன்றாவதாக, எதிருயிரி மருந்துகள் நச்சுயிரியைக் கொல்லா. பாக்டீரியா நுரையீரலில் புகுந்துவிட்டது என மருத்துவர் கண்டால் அவையே உயிர்காக்கும். முன்பு ஒருமுறை மிஞ்சிய மாத்திரையை எடுத்து விழுங்குவதோ, அண்டை வீட்டாரிடம் வாங்கி உண்பதோ தீங்காகவே முடியும்.

மிளகு ரசமும் இஞ்சிக் கசாயமும் தொண்டைக்கு இதம் தருவன. உடலுக்கு நீரும் சேர்ப்பன. அவற்றை விலக்க வேண்டுவதில்லை. மூச்சு வாங்கும் நோயாளிக்குக் கசாயம் காய்ச்சிக்கொண்டு நேரத்தைப் போக்குவதே தவறு.

இனி நான்காம் கூறு. 1918-இல் நம் லயங்களில் இல்லாமற் போனது இந்த உழைச்செல்வானே. நோயாளி இருந்தார், தோட்டத்து மருத்துவமனையும் சில இடங்களில் இருந்தது, மருந்தோ உலகில் எங்கும் இல்லை. உடனிருந்து நீர் வார்க்க ஒருவர் இருந்திருப்பின் பிழைத்திருப்போர் பலர். இன்று மருந்து உண்டு, மருத்துவமனை உண்டு. சுங்கை பாக்காப்பிலும் அரசு மருத்துவமனை உண்டு. எனினும் தனித்து வாழும் முதியவர் ஒருவர் இரண்டு நாள் கதவு திறவாதிருந்தால், அதனைக் கவனிப்பவர் இல்லையாயின் இவையனைத்தும் அவருக்கு இல்லாதவையே. நோயாளியைப் பேணுபவர் முகக்கவரி அணிந்து, ஒவ்வொரு முறையும் கைகழுவி, நாளுக்கு இருமுறை காய்ச்சலையும் மூச்சையும் குறித்து வைத்தால், அவர் மருத்துவருக்கே கண்ணாவார்.

நம் கடன்

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என யாரும் கணித்துக் கூற இயலாது. வரும் என்பது மட்டும் உறுதி. அது வரும் நாளில் நம் மாணவர்களுள் ஒருவர் தம் பாட்டியிடம், "இது வெறும் சளியன்று, மூச்சு வாங்குகிறது, இப்போதே போவோம்" எனத் தெளிந்த தமிழில் கூறுவாராயின், அச்சொல் மருந்தினும் முந்தி வேலை செய்யும்.

தம் பெயரும் எழுதப்படாமல் தோட்டத்து இடுகாடுகளில் அடங்கியோர் பலர். அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப நம்மிடம் பொருள் இல்லாதிருக்கலாம். அவர்கள் இறந்ததன் காரணத்தை அறிந்து, அக்காரணம் நம் தெருவில் மீண்டும் வாய்க்காமல் காத்தல் நம்மால் இயலும். ஒரு வகுப்புக்கு ஒரு பதிவேடு, ஒரு வீட்டுக்கு ஒரு துணை, ஒரு தெருவுக்கு விழிப்போடு ஒரு கண் என இன்றே தொடங்குவோமாக.